பெயிண்ட் அக்காவின் கை

எங்கள் பட்டறையில் மனிதர்களின் உயரம் சுண்டுவிரல் நகத்தளவுதான். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. அடுக்குமாடி கட்டுகிறவர்கள், புதிதாகக் கம்பெனி எழுப்புகிறவர்கள், எல்லோருக்கும் கட்டடம் தரையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அதை மேசை அளவு மாதிரியாகச் செய்து கொடுப்போம். நான் பிளாஸ்டிக் ஷீட்டில் ஜன்னல் வெட்டுவேன். கவிதா மரம் செய்வாள். அந்த மரத்தடியில் நிற்கிற மனிதர்களுக்குச் சட்டை, புடவை, தலைமுடி, செருப்பு எல்லாமே பெயிண்ட் அக்காவின் பொறுப்பு.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஞானஸ்நானத்தின்போது வைத்த நீளமான பெயர். சம்பளத்தன்று முதலாளி சார் வாயில் மட்டும்தான் அது வரும். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

பொம்மைகள் பாக்கெட்டில் வெள்ளைவெளேர் என்று வரும். ஏதோ குளிர் நாட்டுக்காரன் அச்சு எடுத்திருக்கிறான். ஆண்களுக்கெல்லாம் கோட்டு, பெண்களுக்கெல்லாம் முட்டிவரை கவுன். அக்கா அந்தத் துரையை வேட்டி கட்டின மாமாவாக்கிவிடுவார். கவுனுக்குக் கீழே ஒரு சொட்டுப் பசை வைத்து, அது காய்வதற்குள் ஊசியால் கீறிக் கொசுவம் இறக்குவார். பின்னந்தலையில் குண்டூசி முனையால் நாலைந்து வெள்ளைப் புள்ளி வைத்தால் மல்லிப்பூ. “பூ வெச்சாதான்டி அவ வூட்டுக்குப் போறவ மாதிரி கீறா. இல்லன்னா பஸ்ஸ வுட்டுட்டு நிக்கிறவ மாதிரி கீது” என்பார்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே தனி. பொம்மையைத் தைலப் பாட்டில் மூடிமேல் டேப் போட்டு நிறுத்திக்கொள்வார். மூடி இடது கையில், பிரஷ் வலது கையில். முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கும். மணிக்கட்டுகளை மேசை விளிம்பில் அழுத்தி, சுண்டுவிரல்கள் இரண்டையும் கொக்கிபோல் கோத்துக்கொள்வார். அதற்குப் பிறகு பிரஷ் நின்ற இடத்தில் நிற்கும், பொம்மைதான் அதைத் தேடிப் போகும். மூச்சை முழுக்க விட்டு, அடுத்த மூச்சு இழுப்பதற்குள் ஒரே ஒரு கோடு. பிரஷ்ஷின் வாலை வெட்டிக் குட்டையாக்கி, சைக்கிள் டியூபைச் சுற்றிக் குண்டாக வைத்திருந்தார். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு கைக்குட்டை முடிச்சு, அதற்குள் கனமான போல்ட் ஒன்று. வண்ணம் சரியா என்று இடது கட்டைவிரல் நகத்தில்தான் தொட்டுப் பார்ப்பார். வேலை முடிந்ததும் பிரஷ் முனையைச் சோப்பில் தடவி, உள்ளங்கையில் உருட்டி, ஊசியாக்கி நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

“இது இன்னாக்கா, போல்ட்டு?” என்று கேட்டால், “கை பறந்துடும்டி, அதான் கட்டி வெச்சிக்கீறேன்” என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். கொஞ்ச நாளில் கவிதா ஒரு போல்ட்டைக் கட்டிக்கொண்டாள். பிறகு புல்தரை ஒட்டுகிற பெண்ணும் கட்டிக்கொண்டாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு பொம்மையைப் பிரஷ்ஷிடம் கொண்டுபோனார்கள். யாராவது பெரிய மனிதர்கள் பார்க்க வந்தால் சார் எங்கள் வரிசையைக் காட்டி, “இதான் சார் எங்க டெக்னிக்” என்று பெருமையடித்துக்கொள்வார். வந்தவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்காமேல் எங்களுக்கு மனத்தாங்கல். எங்களோடு உட்கார்ந்து டீ குடிக்க மாட்டார். கண்ணாடி வளையலும் போடமாட்டார், ஒற்றைப் பிளாஸ்டிக் வளையல்தான். பொங்கலுக்கு நான் ஆசையாக வாங்கி வந்த பச்சை வளையலைக்கூட வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாரே தவிர, போட்டுக்கொள்ளவில்லை. “ரொம்பத்தான் பிகு” என்று கவிதாவிடம் நொடித்திருக்கிறேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், எதிர்ப்பக்க அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று பட்டறையே கிளம்பிப் போய்விட்டது. பாதி வழியில், சொம்பை மறந்துவிட்டேன் என்று நான் மட்டும் திரும்பினேன். அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். கைக்குட்டை துவைத்துக் காயப்போட்டிருந்தது. டிபன் மூடியில் தண்ணீர் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனார். பாதி தூரத்தில் அந்தக் கை பறக்க ஆரம்பித்தது. மூடி பல்லில் மோதும் சத்தம் வாசல்வரை கேட்டது. தண்ணீரெல்லாம் புடவையில்.

“பாத்துட்டியா?” என்றார்.

“இன்னாக்கா இது? காய்ச்சலா?”

“காய்ச்சலா இருந்தா மாத்திரை போட்டுக்கலாமே. உக்காரு.”

உட்கார்ந்தேன். சும்மா வைத்திருந்தால் ஆடாதாம். எதையாவது எடுக்கப் போனால்தான் ஆடுமாம். முப்பது வயதைத் தாண்டியபோது ஆரம்பித்தது. அவருடைய அம்மாவுக்கும் அப்படியே. “எங்கம்மாவ ஊரே குடிகாரின்னு சொல்லிச்சிடி. ஒரு சொட்டு தொட்டதில்ல அவங்க. கோயில்ல மெழுகுவத்தி ஏத்தப் போனா பசங்க சிரிப்பானுங்க. டாக்டர்கிட்ட போனேன். உசுருக்கு ஒண்ணுமில்லம்மா, பரம்பரையா வர்றதுதான், உனக்குப் பொண்ணு கீதான்னு கேட்டாரு. அதுக்கு மேல நான் அங்க நிக்கல.”

பெண் இருந்தாள், ஒரே பெண். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் செய்கிற கம்பெனியில், கண்ணுக்கே தெரியாத திருகாணிகளை முடுக்குகிற லைனில் வேலை. அப்பா இல்லாமல் வளர்ந்தவள். மறைமலை நகரில் ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. பையன் கார் கம்பெனியில் பர்மனென்ட். காண்ட்ராக்டில் தேய்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் பர்மனென்ட் மாப்பிள்ளை கிடைப்பது லேசான காரியமா?

“பரம்பரைன்னு அவங்க காதுல வுழுந்தா போச்சு. இது மட்டும் நல்லபடியா முடிஞ்சிட்டா போதும். அப்புறம் இந்தக் கை அறுந்து வுழுந்தாலும் எனக்குக் கவலையில்ல” என்றார்.

அன்றைக்கு எனக்குக் கூழ் இறங்கவில்லை. விரலைக் கோப்பது, மூச்சை நிறுத்துவது, போல்ட் கட்டுவது என்று வேலைத்திறமையாக நாங்கள் பார்த்துப் பார்த்துப் பழகிய ஒவ்வொன்றும் ஒளிப்பதற்கான வழி. கண்ணாடி வளையலும் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் பைக்குள் போயிருக்கிறது. கல்லுப்போல் கை இருக்கிற கவிதா எதற்கென்று தெரியாமலே போல்ட்டைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நிச்சயத்தில் சம்பந்தியும் சம்பந்தியும் வெற்றிலைத் தட்டு மாற்ற வேண்டும். அதை நினைத்து அக்காவுக்குத் தூக்கமே போய்விட்டது. மதியச் சாப்பாட்டு வேளையில் கொட்டகைக்குப் பின்னால் என்னைச் சம்பந்தியாக நிற்க வைத்து, ஷீட் துண்டின்மேல் ஸ்க்ரூ டப்பாவை வைத்துப் பழகினார். தட்டை வயிற்றோடு அணைத்துக்கொள்வது, முழங்கையை விலாவில் குத்திக்கொள்வது, தான் ஓரடியும் நகராமல் எதிராளியை வரவழைப்பது. “நீ வா. நீதான் வரணும். நான் வரமாட்டேன்” என்பார். “பொண்ணக் குடுக்கறவளுக்கு இவ்ளோ திமிரான்னு கேக்கப்போறாங்கக்கா” என்றேன். “திமிருன்னு நெனைச்சிக்கட்டும், நல்லதுதான்.”

அப்படித்தான் நடந்தது. அக்கா சிலையாக நின்றார். மாப்பிள்ளையின் அம்மா, பருத்த உடம்பு, கொஞ்சம் மூச்சு வாங்கும், அவர்தான் நடந்துவந்து தட்டைத் தொட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் முதுகு வேர்வையில் நனைந்து ஜாக்கெட் ஒட்டிப்போயிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அவ்வளவுதான், கரையேறிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. ஓலை என்று ஒன்று பாக்கி இருந்தது.

அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்களாம். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பாதரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. எனக்கு இதெல்லாம் புதிது. எங்களுக்கு ஜாதகம் பொருந்தினால் முடிந்தது.

“தடை தெரிஞ்சவ நான்தான். சொல்லாம உக்காந்துகினு கீறேன். பாவம்தானே?” என்றார்.

“பாதரையே கேட்டுடேன்.”

“கேட்டா, போய் அவங்ககிட்ட சொல்லிடும்மான்னுவாரு. அப்புறம் சொல்லாம இருக்க முடியுமா?”

மூன்றாவது ஓலைக்கு என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். முந்தானைக்குள் இரண்டு கையையும் புதைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாதர் சாதாரணமாக வாசித்துவிட்டு அடுத்த வாரக் கூட்டத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார். அக்கா மட்டும் யாரோ எழுந்து நிற்கப்போகிறார்கள் என்பதுபோல் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரும் வரிசையில் போய் நன்மை வாங்கினார்கள். நாக்கில் வைக்கிற அந்த அப்பத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாவத்தோடு வாங்கக் கூடாதாம். அக்கா எழுந்திருக்கவில்லை. முதல் ஓலை வாசித்த நாளிலிருந்தே வாங்குவதில்லை என்றார். அதற்கு முன் சிறு வயதிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லையாம்.

கல்யாணப் பூசையிலும் அதே கதைதான். மகளும் மருமகனும் வாங்கினார்கள். சம்பந்தியம்மாள் மூச்சு வாங்க நடந்துபோய் வாங்கி வந்தார். பெண்ணைப் பெற்றவர் மட்டும் முதல் பெஞ்சில் மண்டியிட்டபடி அப்படியே இருந்தார். பெண்ணை அனுப்புகிற துக்கம் என்று சனம் பேசிக்கொண்டது. அந்த நேரத்தில் எனக்கு அவர்கள் சாமிமேல்கூடக் கோபம் வந்தது. ஒரு வாய் அப்பம், அதைக்கூடவா கைநடுக்கத்துக்காக ஒருத்தி விட்டுக்கொடுக்க வேண்டும்?

கல்யாணம் முடிந்த வாரத்தில் போய்ப் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார், செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதாம் அது. திரும்பி வந்தவர் என் மேசைக்கு எதிரில் நின்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

“அது தடையே இல்லியாம்டி. ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, நெருங்கின ரத்த உறவா, அந்த மாதிரி விஷயத்துக்குத்தான் ஓலையாம். கை ஆடறதுக்கெல்லாம் இல்லியாம். ஏம்மா மொதல்லயே கேக்கலன்னு திட்டினாரு. எம்பொண்ணு கல்யாணத்துல நான் நன்மை வாங்கல, பாரேன்.”

அதன் பிறகு கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துவிட்டார். டீ வந்ததும் எங்கள் நடுவில் உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். பாதி சிந்தியது. கவிதா மரத்தைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வயசாயிடுச்சிடி, ஆடுது. ஆடட்டும் வுடு” என்றார். அத்தனை வருடம் அடக்கி வைத்தது ஒரேயடியாகப் புறப்பட்டதுபோல் அன்றிலிருந்து கை சொன்னபடி கேட்கவில்லை. வேட்டி கட்டிய மாமாக்களின் கரை கோணியது. பூ தோளில் விழுந்தது. சார் நல்ல மனிதர்தான், தொங்கிய முகத்தோடு வந்து, “நீங்க வூட்ல ரெஸ்ட் எடுங்கம்மா” என்றார். அக்கா தன் பிரஷ்களை எங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் பென்னலூரில் இருக்கிற தன் வீட்டோடு இருந்துவிட்டார்.

சம்பந்தி வீட்டுக்குப் போகிறபோது மட்டும் பழைய ஜாக்கிரதைதான். முந்தானைக்குள் கை. சாப்பிடச் சொன்னால் விரதம். பெண் அங்கே வாழ்கிறாளே, பரம்பரை என்கிற சொல் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது.

நாலைந்து வருடம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அவர் மகள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“சித்தி, எனக்கும் வந்துடுச்சி.”

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, “இன்னா வந்துச்சி?” என்றேன்.

அவள் வலது கையை நீட்டி, என் மேசைமேல் இருந்த ஒரு பொம்மையை எடுக்கப் போனாள். எடுக்க முடியவில்லை. பொம்மை சாய்ந்தது.

“ஸ்க்ரூ புடிக்க முடியல சித்தி. லைன் லீடர் ரெண்டு தடவை கேட்டுட்டாரு, தூக்கம் இல்லியான்னு. வூட்ல அத்தைக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அம்மா எப்டி மறைச்சிது? உங்களுக்குத்தான் தெரியுமாமே. எனக்குச் சொல்லுங்க.”

“அம்மாகிட்டயே கேளேன், கண்ணு.”

“அம்மாவா? என் கையப் பாத்துகினுதான் அது உசுரோட கீது. போன வாரம்கூட வெரலப் புடிச்சி முத்தம் குடுத்துச்சி. அதுகிட்ட போய்ச் சொல்லச் சொல்றீங்களா?”

சொல்லிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? முழங்கையை விலாவில் ஒட்டு, சுண்டுவிரலைக் கோத்துக்கொள், மூச்சை விட்டுவிட்டுத் தொடு. அவள் அழாமல் கேட்டுக்கொண்டாள். நான்தான் அவள் போன பிறகு கழிவறைக்குள் போய் அழுதேன்.

அடுத்த ஞாயிறு அக்காவைப் பார்க்கப் போனேன். படுக்கையில் இருந்தார். நடுக்கத்தால் அல்ல, அது வேறு நோய், வயிற்றில். உடம்பு பாதியாகியிருந்தது. மகள் வந்தாளாமே, என்ன விஷயம் என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தாள் என்றேன்.

“அவ கையக் கவனிச்சியா? அவங்கப்பா கை. அவரு லாரி ஸ்டியரிங்கப் புடிச்சா கல்லாட்டம் நிக்கும். எங்கம்மா, நானு, அத்தோட நின்னுபோச்சு, பாத்தியா?”

“ஆமாக்கா. உன்னோட நின்னுபோச்சு” என்றேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் சேறு. பெட்டியை இறக்கியதும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். மகள் குனிந்து வலது கை நிறைய அள்ளினாள். விலாவில் ஒட்டவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை, எதையும் செய்யவில்லை. நீட்டிய கை எல்லோர் எதிரிலும் ஆடியது. மண் குழிக்குப் போவதற்குள் பாதி அவள் காலடியிலேயே கொட்டிவிட்டது. பாவம், அழுகையில் நடுங்குகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

மாமியார் அந்தக் கையைப் பார்த்தார். இத்தனை வருடப் பாடு இந்த ஒரு பிடி மண்ணில் போயிற்று என்று நினைத்தேன். அவர் மெல்ல நடந்து போய், மருமகளின் மணிக்கட்டுக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கி, மறுபடி அள்ள வைத்து, குழிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

திரும்பும்போது சேற்றில் வழுக்காமல் இருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கேட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “தட்டு மாத்தினன்னிக்கே தெரியும்மா எனக்கு. தொட்டா தெரியாதா? இந்தப் பொண்ணுக்கும் வந்துடுச்சின்னும் தெரியும். ஆறு மாசமா பாத்தும் பாக்காத மாரிதான் கீறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தெரிஞ்சிகினா இருந்தீங்க? அந்தம்மா காதுல ஒரு வார்த்த போட்டிருக்கக் கூடாதா? நிம்மதியா ஒரு வாய் சோறு துன்னிருக்குமே உங்க வூட்ல!”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே இன்னும் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“எப்டிம்மா சொல்றது? அவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கிறாங்க” என்றார்.